பெரிய டேப்புகளை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் 38 ஆண்டுகள் லேத் பட்டறைகளில் கடைசல் வேலை பார்த்து, கண் மங்கியதால் வேலையை விட்டவன் நான். சென்ற மாதம் தஞ்சாவூர் போகும் சாலையில் ஒரு காயலான் கடை வாசலில் பேருந்துக்காக நின்றபோது கண்ட காட்சியே இக்கடிதத்தை எழுத வைத்தது. துருப்பிடித்த ஆங்கிள் துண்டுகளுக்கும் உடைந்த பம்பு உறைகளுக்கும் நடுவே, மணிக்கட்டைவிடப் பருத்து ஒன்றரை அடிக்கு மேல் நீண்ட, மரை (போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி ஓடும் திருகு வரி) வெட்டும் டேப்புகள் இரண்டு கிடந்தன. தண்டில் இரண்டரை அங்குலம் என்றும், அங்குலத்துக்கு இரண்டு மரை என்றும், ஒன்றில் வரிசை எண் 2 என்றும் மற்றொன்றில் 4 என்றும் குத்தியிருந்தது. எண் 2-இன் சதுரத் தலையில் ஒரு வடு இருந்தது. அந்த வடு எப்படி ஏற்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ரெஞ்சு வழுக்கிய அந்த இரவில் அதன் ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தவன் நான்தான். 1-உம் 3-உம் எங்கே என்று கேட்டேன். "நாலு வந்துச்சு பெரியவரே, ரெண்டு போன லோடுல ஏறிப் போச்சு" என்றார் கடைக்காரர். கிலோ 35 ரூபாய் வீதம் கொடுத்து மீதி இரண்டையும் வாங்கிவந்தேன்.

டெல்டா மாவட்டங்களில் அரசுப் பணிமனைகளிலும் தனியார் பட்டறைகளிலும் கிடக்கும் இத்தகைய பெரிய டேப்புகளையும் டைகளையும் பிற பெரிய வெட்டுக் கருவிகளையும், மரை தெரிந்த ஒருவர் பார்த்துக் கணக்கெடுக்கும் முன் பழைய இரும்பாக ஏலம் விடக்கூடாது என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

டேப் என்றதும் தண்ணீர்க் குழாயின் திருகையோ அளவு நாடாவையோ நினைப்பவர்களே அதிகம் என்பதால், முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். போல்ட்டின் வெளிப்புறத்தில் மரை வெட்டுவது டை. நட்டின் உட்புறத்திலோ ஒரு வார்ப்பில் போட்ட துளையிலோ மரை வெட்டுவது டேப். பார்வைக்குக் கடினமாக்கிய எஃகு போல்ட்டைப் போலவே இருக்கும். நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் ஓடும்; அப்பள்ளங்களின் விளிம்புதான் பல்லாக நின்று வெட்டுகிறது, சீவிய துகளும் அப்பள்ளங்களின் வழியாகவே வெளியேறுகிறது. மரையின் முழு ஆழத்தையும் ஒரே டேப்பால் கையில் வெட்டினால் டேப் முறியும் என்பதற்காகவே டேப்பர், செகண்ட், பாட்டமிங் என்று மூன்று டேப்புகளை ஒரு செட்டாகத் தருகிறார்கள். சதுர மரை போன்ற ஆழமான மரைக்கு மூன்றும் போதாது. நான்கு, சில சமயம் ஐந்து கூட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் முன்னதைவிட மயிரிழை அளவு கூடுதலாக வெட்டும். ஆகவே செட்டில் ஒன்று போனால் மற்றவற்றின் பயனும் பாதி போய்விடுகிறது.

மோட்டார் பட்டறைகளில் புழங்குவது 6 மில்லிமீட்டர் முதல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள, விரல் பருமன் டேப்புகள். அவற்றை ஒரு பையன் தனியாகத் திருப்பி மரை போட்டுவிடுவான். பெரிய டேப்பை அதன் பெரிய உருவம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 12 மி.மீ. மெட்ரிக் மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையேயுள்ள தூரம், 1.75 மி.மீ.; 64 மி.மீ. மரையின் பிட்ச் 6 மி.மீ. டேப்பைத் திருப்பத் தேவையான முறுக்கு விசை தோராயமாக விட்டத்தோடும் பிட்ச்சின் இருமடியோடும் சேர்ந்து ஏறுவதால், விட்டம் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் கூடும்போதே விசை அறுபது மடங்கைத் தாண்டிவிடுகிறது. 64 மி.மீ. மரைக்கு முதலில் 58 மி.மீ. துளை வேண்டும், அத்துளைக்கு 5-ஆம் எண் மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்புத் தண்டுள்ள டிரில்லும், அந்த டிரில்லைத் தாங்கும் ரேடியல் டிரில்லிங் மெஷினும் வேண்டும். 100 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. நீளமும் உள்ள திண்ணிய எஃகுத் தண்டு ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும் என்று கணக்குப் போட்டாலே, அந்த அளவில் ஒரு டேப்பைத் துளைக்கு நேராகத் தூக்கி நிறுத்த எத்தனை கைகள் வேண்டும் என்பது விளங்கும். டேப் ரெஞ்சின் இரு கைப்பிடிகளிலும் நீளக் குழாயைச் செருகி, பக்கத்துக்கு இருவராக நின்று, முக்கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் துகளை முறித்து முறித்து இறக்குவோம். நேர் விலகித் தொடங்கிவிட்டால் பாதியில் திருத்த முடியாது. வார்ப்பு வீணாகும், அல்லது பல் உடையும். இன்னும் பெரிய அளவுகளில் முழு எஃகில் டேப் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், வார்ப்பிரும்பு அல்லது சாதாரண எஃகு உடலில் வெட்டும் அலகுகளை மட்டும் தனியாகச் செருகிச் செய்வார்கள். வெட்டி முடிந்ததும் அலகுகள் உள்ளே மடங்கிக்கொள்ள, திரும்பச் சுற்றாமலேயே வெளியே இழுத்துவிடக்கூடிய டேப்புகளும் உண்டு.

நெல் விளையும் ஊரில் இவ்வளவு பெரிய மரைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தங்கள் ஊர் வாய்க்காலின் தலைமதகைப் பார்த்தாலும் போதும். கதவுக்கு மேலே நிற்கும் ஷட்டர் ராடு என்பது மரை வெட்டிய தண்டு. மேலே பெட்டிக்குள் இருக்கும் கன்மெட்டல் நட்டை, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சாவி போட்டுச் சுற்றும்போது அந்தத் தண்டு ஏறுகிறது, இறங்குகிறது. 3 மீட்டர் அகலமான கதவின் முன் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கதவின் மேல் விழும் அழுத்தம் சுமார் 6 டன். அந்த அழுத்தத்தால் கதவு தன் காடியில் உராய்ந்து பிடித்துக்கொள்கிற பிடியையும், கதவின் சொந்த எடையையும் சேர்த்து இழுப்பது அந்த ஒரு மரைதான். இரண்டரை அங்குலத் தண்டில் அரை அங்குலப் பிட்ச் என்றால் மரையின் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி. சாய்வு அவ்வளவு குறைவாக இருப்பதால்தான், லஸ்கர் கையை எடுத்த பிறகும் கதவு தானாக இறங்காமல் நின்ற இடத்தில் நிற்கிறது. அதற்கு விலையாக, கதவு ஒரு அடி உயர அவர் 24 சுற்று சுற்ற வேண்டும்.

நட்டை எஃகில் செய்யாமல் 88 பங்கு செம்பும் 10 பங்கு வெள்ளீயமும் 2 பங்கு துத்தநாகமும் கலந்த கன்மெட்டலில் செய்வதற்குக் காரணம் உண்டு. தேய்வது நட்டாக இருக்க வேண்டும், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் தண்டாக இருக்கக் கூடாது என்று கட்டியவர்கள் முன்யோசனையோடு வைத்த ஏற்பாடு அது. ஆகவே நட்டு தேய்ந்தே தீரும், மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்குத் துல்லியமாக அதே மரை வேண்டும்.

மேலே சொன்ன வடுவுக்கு வருகிறேன். ஓர் ஆடி மாதம், பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தபோது, இருட்டும் நேரத்தில் லஸ்கர் ஒருவர் சைக்கிளின் பின்னால் சாக்கில் கட்டி ஒரு நட்டைக் கொண்டுவந்தார். உள்ளே மரை கத்தி முனை போலத் தேய்ந்து, ஒரு பக்கம் முழுவதும் உரிந்திருந்தது. கதவு ஒரு சாண் திறப்பில் சாய்ந்து மாட்டிக்கொண்டது என்றும், கடைமடையில் நாற்று விட்டவர்கள் மதகடியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். எங்கள் முதலாளியிடம் நட்டுக்குப் போதுமான கன்மெட்டல் வார்ப்பு ஒன்று இருந்தது. அரசுப் பணிமனை ஒன்றில் அந்த அளவு டேப் செட் இருப்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்த ஃபோர்மேனை வீட்டிலிருந்து எழுப்பி, ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு, நான்கு டேப்புகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். லேத்தில் வார்ப்பைத் துளைத்து, மரையைச் சற்றுக் குறைவாகக் கடைந்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு டேப்பாக இறக்கினோம். இரண்டாவது இறங்கும்போதுதான் ரெஞ்சு வழுக்கிச் சதுரத் தலையில் வடு விழுந்தது. என் இடது முழங்கையிலும் ஒன்று விழுந்தது. விடியும் முன் நட்டு தயாராகிவிட்டது. மதகில் ஏறித் தண்டின் மேல் வைத்துச் சுற்றியபோது, ஒரு விரலின் தள்ளலில் அது இறங்கிய சத்தமற்ற வழவழப்பை இன்றும் என் கை மறக்கவில்லை. அரை நாளில் கதவு மேலே போனது.

அந்த இரவில் லேத் மட்டும் போதாதா என்று தொழில் தெரிந்த இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லேத்தில் எந்த மரையையும் வெட்டலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் எந்த அளவுக்கு வெட்டியிருப்போம்? ஆற்றில் நின்ற தண்டைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. தேய்ந்த நட்டை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். வரைபடம் எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் செல்லரித்ததோ, யாருக்கும் தெரியாது. தண்டு எந்த அளவில் வெட்டப்பட்டதோ அதே அளவில், அதற்குத் தர வேண்டிய இடைவெளியையும் சேர்த்து, மாறாமல் வைத்திருந்தவை அந்த டேப்புகள் மட்டுமே. இப்பெரிய டேப்புகளை நான் கருவி என்பதற்கும் மேலாக ஆவணமாகவே கருதுகிறேன். அத்தண்டுகளின் வரிசையில் நிற்கும் எல்லா மதகுகளுக்கும் அந்த நான்கு எஃகுத் துண்டுகளே மூலப் பத்திரம்.

டெல்டாவில் இந்தச் சிக்கல் மிகுதியாக இருப்பதற்குக் காரணம், நம் பாசனக் கட்டுமானங்களில் பெரும்பகுதி அங்குலக் காலத்தில் எழுந்தவை என்பதே. முக்கொம்பில் மேலணை 1836-இல் கட்டப்பட்டது. மேட்டூர் அணையும் அதையொட்டி வந்த கல்லணைக் கால்வாயும் 1934-இல் பயனுக்கு வந்தன. நாடு மெட்ரிக் அளவுக்கு மாற வழிசெய்த எடை அளவுச் சட்டம் 1956-இல்தான் வந்தது. அதற்கு முன் இங்கே போல்ட்டும் நட்டும் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த, பல்லின் இரு சரிவுகளுக்கு இடையே 55 டிகிரி கோணம் உள்ள மரையில் இருந்தன. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. இரண்டு அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு நாலரை மரை, மூன்று அங்குலத்துக்கு மூன்றரை, நான்கு அங்குலத்துக்கு மூன்று. இவற்றின் அருகில் வரும் மெட்ரிக் நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறுவது போல ஏறிப் பிறகு இறுகிக்கொள்ளும். அவசரத்தில் அதை வலிந்து ஏற்றிப் பழைய தண்டின் மரையையே நாசமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷட்டர் தண்டுகளிலோ சதுர மரையும், 29 டிகிரி ஆக்மி மரையும், பின்னாளில் வந்த 30 டிகிரி டிரபிசாய்டல் மரையும் கலந்து நிற்கின்றன. ஆக்மிக்கும் டிரபிசாய்டலுக்கும் ஒரு டிகிரிதான் வேறுபாடு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் சுமை ஏறும்போது மரை சொல்லிவிடும்.

வேண்டுமானால் புதிய டேப் செய்துகொள்ளலாமே என்று ஓர் அலுவலர் என்னிடம் கேட்டார். செய்யலாம். ஆனால் அது எந்தக் கடை அலமாரியிலும் எடுத்து வைத்திருக்கும் சரக்கு அன்று. தனியாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும். ஹை ஸ்பீடு எஃகில் செய்தால் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்கு ஏற்றிக் குளிர்வித்து, மீண்டும் 550 டிகிரியை ஒட்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதப்படுத்த வேண்டும். இப்படிக் கடினப்படுத்தும்போது எஃகின் அளவு மாறும். நீளமான டேப்பில் அந்த மாற்றம் மரைக்கு மரை சேர்ந்துகொண்டே போகும். பிட்ச் ஒரு மயிரிழை தவறினாலும், நட்டின் எட்டு மரைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய சுமையை முதல் இரண்டு மரைகளே தாங்கும். அவை உரிந்ததும் அடுத்தவை உரியும். அதனால் கடினப்படுத்திய பிறகு மரையை மீண்டும் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவு நீளமான, கனமான துண்டைப் பிடித்து மரை கிரைண்டிங் செய்யும் இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. ஒரு செட்டுக்கு ஆகும் செலவையும் காத்திருக்க வேண்டிய வாரங்களையும் எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள நான்கு டேப்புகளை 1,400 ரூபாய்க்குக் கொடுத்ததைக் கணக்கில் வந்த வரவு என்று எப்படி எழுதினார்களோ தெரியவில்லை.

இது மதகுகளோடு நிற்கும் விஷயமும் அன்று. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களில் பொன்மலைக்கு இடம் மாறியது. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்த பெருமையும் அப்பணிமனைக்கு உண்டு. நீராவி எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு உள் தகடு ஒன்று, வெளித் தகடு ஒன்று, நடுவே தண்ணீர். அழுத்தத்தில் தகடுகள் பிதுங்காமல் இருக்க இரண்டையும் ஸ்டே போல்ட்டுகளால் தைத்திருப்பார்கள். வெளித் தகட்டில் தொடங்கிய மரை, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத் தாண்டி, உள் தகட்டில் சுற்று பிசகாமல் தொடர வேண்டும். இல்லையென்றால் போல்ட் முதல் தகட்டைக் கடந்து இரண்டாவதில் நுழையாது. அதற்காகவே ஸ்டே டேப் என்று ஒல்லியாக, மிக நீளமாக ஒரு டேப் உண்டு. அதைப் பருமனால் அல்லாமல் நீளத்தால் பெரியது எனலாம். என் குருநாதர் பொன்மலையில் வேலை கற்றவர். அந்த டேப்பை ஈட்டி என்றே சொல்வார். 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் வேலைகளை நம்பித் துவாக்குடிப் பக்கம் எழுந்த பட்டறைகளில் பெரிய மரை வேலை இன்றும் அன்றாட வேலைதான். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அந்நிறுவனம் செய்து கொடுத்தது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. தேர், சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாய் என்று எதை எடுத்தாலும், பெரிய எடையைத் தூக்கவோ இறுக்கவோ வேண்டிய இடத்தில் ஒரு பெரிய மரை இருக்கிறது.

சி.என்.சி. இயந்திரம் இருக்கும் காலத்தில் இவையெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். இன்று பெரிய மரையைத் திரெட் மில்லிங் முறையில், சிறிய வெட்டுக் கருவி ஒன்றைத் துளைக்குள் சுருள் பாதையில் சுற்ற வைத்தே வெட்டிவிடுகிறார்கள். அறுபது மடங்கு முறுக்கு விசைக்கு அங்கே வேலையே இல்லை. கருவி முறிந்தாலும் துளையில் சிக்காது. அருமையான முறை. புதிய வேலைக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் அந்த இயந்திரத்துக்கு முன் வேலைத்துண்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கல் தூணில் பதித்த வார்ப்பிலோ, கழற்ற முடியாத இயந்திரத்தின் உடலிலோ துருவேறிய பழைய மரையை இருந்த இடத்திலேயே சுத்தம் செய்து மீட்க, கையால் இறக்கும் டேப்பைத் தவிர எளிய வழி இல்லை. மேலும், எந்த மரையை வெட்ட வேண்டும் என்று யாராவது அந்த இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அளவு தொலைந்த பிறகு எந்த இயந்திரமும் அதைக் கண்டுபிடித்துத் தராது. வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு பல ரெகுலேட்டர்கள் (ஆற்று நீரை அடைத்துத் திருப்பும் கதவணைகள்) புதுப்பிக்கப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். அங்கே புதிய தண்டும் புதிய நட்டும் வந்துவிட்டன. பெரிய ரெகுலேட்டர் புதிதானவுடன் பழைய கருவிகள் எதற்கும் உதவாதவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே காலத்து மரையோடு கிளை வாய்க்கால்களில் நிற்கும் சின்ன மதகுகளை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் மனக்குறை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. அது கட்டுமானம் சரிந்து நேர்ந்தது. அதை மரையோடு முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. என்றாலும், பழைய கதவணையின் ஒவ்வோர் உறுப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும் என்பதை அன்று எல்லோரும் பேசினோம். அந்தக் கணக்கில் மரைக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நீர்வளத்துறையின் பணிமனைகளிலும், கூட்டுறவு ஆலைகளின் பணிமனைகளிலும், மூடிக் கிடக்கும் தனியார் பட்டறைகளிலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட டேப், டை, ரீமர், டிரில் அனைத்தையும் ஒருமுறை பட்டியலிட வேண்டும். தண்டில் குத்தியிருக்கும் எண்களைச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துப் படித்து, பிட்ச் கேஜ் வைத்துச் சரிபார்த்து எழுதினால் போதும். எண் அழிந்துபோனவற்றை ஓய்வுபெற்ற டர்னர், ஃபிட்டர் யாரையாவது அழைத்துக் காட்டலாம். கூலி கேட்காமல் வருகிறவர்கள் எங்களில் பலர் உண்டு. எந்தச் செட் எந்தெந்த மதகின் தண்டுக்குப் பொருந்துகிறது என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். பிறகு அவற்றைத் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஒரு பொதுக் கருவி அறையில் வைத்து, அரசுப் பணிமனைக்கும் தனியார் பட்டறைக்கும் ஒரே விதியில், கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் தர வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு ஃபோர்மேனின் நோட்டு இந்த வேலையைச் செய்தது. அவர் ஓய்வு பெற்றதும் நோட்டும் போயிற்று, டேப்பும் போயிற்று.

வைக்கும் முறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய டேப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் பல் முனை தெறித்துவிடும்; மரச்சட்டத்தில் தனித்தனியாக நிறுத்தி, கிரீஸ் பூசி, துணி சுற்றி வைக்க வேண்டும். பழைய டேப்புகளில் பல சாதாரண கார்பன் எஃகால் ஆனவை. 250 டிகிரியைத் தாண்டிச் சூடேறினாலே அவற்றின் கடினம் இறங்கத் தொடங்கும். ஆகவே அவற்றின் மீதோ பக்கத்திலோ கேஸ் கட்டிங், வெல்டிங் செய்யக் கூடாது. ஒரு டேப் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறியப் பல்லின் ஓரத்தில் அரத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் தெரியும்: அரம் வழுக்கினால் கடினம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. ஒரு பட்டறையில் நாலங்குல விட்வொர்த் டேப் ஒன்று மழைக் காலத்தில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்பதை நானே கண்டேன். துருவைத் துடைத்து அரம் வைத்துப் பார்த்தபோது கண்ணாடி போல் வழுக்கியது.

தொழிற்பயிற்சி நிலையங்களையும் இதில் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஃபிட்டர் பிரிவில் படிக்கும் பையனிடம் நான் வாங்கிவந்த டேப்பைக் காட்டியபோது, அதை ஏதோ இயந்திரத்தின் அச்சு என்றே எண்ணினான், 16 மி.மீ.க்கு மேல் அவன் டேப்பைத் தொட்டதில்லை. அது அவன் குறை இல்லை, காட்டாதவர்களின் குறை. அந்தக் கருவி அறையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களை நிறுத்தி, நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய டேப்பை நேர் பிசகாமல் இறக்குவது எப்படி என்று செய்து காட்டினால், அதைச் சொல்லிக் கொடுக்க என் கைகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் வலு இருக்கிறது.

நான் வாங்கிவந்த எண் 2, எண் 4 டேப்புகள் கிரீஸ் பூசி என் வீட்டுத் திண்ணையில் மரப்பெட்டியில் இருக்கின்றன. எண் 4 கடைசியாக இறங்கி இறுதி அளவு சொல்லும் டேப் என்பதால், லேத்தில் முன்வேலை செய்துகொண்டு அதை மட்டும் இறக்கினாலும் நட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கருவி அறை அமையுமானால் இரண்டையும் ஒரு காசு வாங்காமல் ஒப்படைப்பேன். எண் 1-உம் 3-உம் ஏறிய லோடு இன்னும் உலைக்குப் போகாமல் எங்காவது கிடங்கில் கிடக்க வாய்ப்பு உண்டு. டெல்டாவிலோ திருச்சிப் பக்கத்திலோ பழைய இரும்பு வணிகம் செய்யும் அன்பர்கள், தண்டில் இரண்டரை என்றும் அதன் கீழ் இரண்டு என்றும் குத்திய, நான்கு பள்ளம் உள்ள, சதுரத் தலை டேப்புகளைக் கண்டால் தயவுசெய்து வெட்டாமல் ஓரமாக எடுத்து வைத்துத் தங்கள் நாளிதழ் அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டுகிறேன். எடைக்கு அவர்கள் கொடுத்த விலைக்கு இரு மடங்கு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
மன்னார்குடி.